ஹான்லேவின் இருளும் நகரங்களின் பாவமன்னிப்புச் சீட்டும்

ஒவ்வோர் அமாவாசைக்கும் சில வாரங்கள் முன்பு சமூக ஊடகங்களில் ஒரே வகை விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. பால்வீதியின் கீழ் மூன்று இரவுகள். தொலைநோக்கி, கூடாரம், விண்மீன் ஒளிப்படப் பயிற்சி உட்பட. விமானக் கட்டணம் தனி. லடாக்கின் ஹான்லே, இமாச்சலத்தின் ஸ்பித்தி, குஜராத்தின் கட்ச் உப்புவெளி என இடம் மாறும். விற்கப்படும் பொருள் மாறாது. அப்பொருளின் பெயர் இருள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை மொட்டைமாடியிலோ களத்துமேட்டிலோ பாய் விரித்துப் படுத்தவர் எவருக்கும் விலையின்றிக் கிடைத்த ஒன்று, இன்று முன்பதிவு செய்து வாங்கவேண்டிய சரக்காகிவிட்டது.

இந்தச் சுற்றுலா இரவு வானத்தைக் காக்கிறது என்பது கல்விப்புலத்திலும் ஏறத்தாழ எவரும் கேள்வி கேட்காத கூற்றாக இருக்கிறது. வானியல் மன்றங்கள் அதைப் பரிந்துரைக்கின்றன. மாணவர்கள் சென்றுவந்து படங்களைப் பகிர்கிறார்கள். ‘இருள்வானப் பாதுகாப்பு’ என்ற சொற்றொடர் அப்படங்களின் கீழே தவறாமல் இடம்பெறுகிறது. இக்கூற்று பாதி உண்மை. காப்பகம் வானத்தின் ஒரு துண்டைக் காக்கிறது; அந்த ஒரு துண்டைக் காட்டியே மீதி வானம் முழுவதும் கைவிடப்படுகிறது. பாவத்தைத் தொடரவிட்டு மன்னிப்பை மட்டும் விலைக்கு வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஐரோப்பிய வரலாற்றில் ஒரு பெயர் உண்டு: பாவமன்னிப்புச் சீட்டு.

முதலில் ஹான்லேவுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். லே நகரிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், சாங்தாங் பீடபூமியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இயங்குகிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி 2000இல் தன் முதல் ஒளியைக் கண்டது. அதைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பின் வழி இயக்குகிறார்கள். 2024 அக்டோபரில் 21 மீட்டர் விட்டமுள்ள ‘மேஸ்’ காமாக்கதிர்த் தொலைநோக்கியும் அங்கே முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. வறண்ட, மெலிந்த காற்று, மேகமற்ற இரவுகள், அருகில் நகரம் எதுவும் இல்லாமை. இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த இடங்கள் உலகில் மிகச் சில.

இவ்வானத்தைக் காக்கும் நோக்கில் 2022இல் லடாக் ஒன்றியப் பகுதி நிர்வாகமும் லே மலைமன்றமும் வானியற்பியல் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுமார் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூரைச் சேர்ந்த 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் தரப்பட்டன. பகலில் ஆடு மேய்ப்பும் வீட்டுவேலையும், இரவில் விருந்தினருக்கு வானத்தைக் காட்டும் பணியும் என்று அவர்களின் வாழ்வில் புதிய வருவாய் சேர்ந்தது. வீடுகளின் சன்னல்களுக்குத் தடித்த திரைகள் வந்தன. வெளிவிளக்குகளுக்கு மூடிகள் வந்தன. இரவில் வரும் வண்டிகள் முகப்பு விளக்கைத் தாழ்த்தவேண்டும் என்ற விதி வந்தது. இவை அனைத்தும் நல்லவை. வானியலாளர்கள் ஊர்மக்களைப் பகையாக்காமல் பங்காளிகளாக்கிய அரிய முன்னெடுப்பு இது. இங்கு எழுப்பப்படும் எதிர்ப்பு ஹான்லேவின் மீது அன்று. ஹான்லேவைச் சுட்டிக்காட்டிவிட்டு நாட்டின் மற்ற பகுதிகள் நழுவிக்கொள்வதன் மீது.

இந்த ஏற்பாட்டில் சுமை யார் மேல் விழுகிறது என்பதே முதல் கேள்வி. காப்பகத்துக்குள் ஆறு சிறு குடியிருப்புகள், சில நூறு குடும்பங்கள். சாங்பா மேய்ப்பர்களும் திபெத்திய அகதிகளும் அவர்களுள் அடங்குவர். இந்தியாவின் இரவு ஒளியில் அவர்களது பங்கு கணக்கில் எடுக்கத் தகாத அளவு சிறியது. ஆயினும் இந்நாட்டில் இரவு வானத்தின் பொருட்டுத் தம் வீட்டுச் சன்னலுக்குத் திரை போடுமாறு கேட்கப்பட்டவர்கள் அவர்களே. அந்த வானத்தைக் காண விமானம் ஏறி வருபவர் வாழும் தில்லி, மும்பை, பெங்களூரு அடுக்ககங்களில் முகப்பு அலங்கார விளக்கு விடியும்வரை எரியலாம். அதைக் கேட்க எவரும் இல்லை. ஒளியைக் கொட்டாதவர் விதிக்குக் கட்டுப்படுகிறார். கொட்டுபவர் விருந்தினராக வருகிறார்.

இரண்டாவது கேள்வி ‘காப்பகம்’ என்னும் சொல்லின் உள்ளே இருக்கிறது. ஓர் எல்லை வரைந்து இதற்குள் கைவைக்காதே என்று சொல்லும்போது, சொல்லப்படாத இன்னொரு வாக்கியமும் உடன் பிறக்கிறது: எல்லைக்கு வெளியே தடையில்லை. காட்டு விலங்குக்கு இந்த முறை ஓரளவு பயன்தரலாம். புலி எல்லைக்குள் வாழும். ஒளிக்கு வேலி கிடையாது. ஒரு பெருநகரின் ஒளிக்குவை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தொடுவானத்தில் மங்கிய கூடாரம்போலத் தெரியும். மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 சனவரியில் நாட்டின் முதல் இருள்வானப் பூங்காவாகச் சான்று பெற்றது. அதற்காகச் சுற்றியுள்ள கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகள் தரைநோக்கி ஒளிவீசும்படி மாற்றப்பட்டன. சான்று கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காட்டிலிருந்து அத்தனை தொலைவில் இல்லாத நாக்பூரின் விளக்குகளுக்கு அப்படியொரு மாற்றம் ஏன் கோரப்படவில்லை? கிராமத்தில் செய்யக்கூடிய ஒன்று மாநகராட்சியில் செய்யக்கூடாததாவது எப்படி?

பின்வாங்குதலே இந்திய வானியலின் வழக்கமாகிவிட்டதை வரலாறு காட்டுகிறது. ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் நிசாமியா வானாய்வகம் இருந்தது. நகரம் வளர்ந்தது, உஸ்மானியா பல்கலைக்கழகம் தன் 48 அங்குலத் தொலைநோக்கியை 1968இல் நகருக்கு வெளியே ஜப்பல்–ரங்காபூரில் நிறுவியது. பின்னர் நகரத்தின் ஒளி அங்கும் வந்து சேர்ந்தது. நைனித்தாலின் மனோரா சிகரத்தில் 1972 முதல் 1.04 மீட்டர் தொலைநோக்கி இருந்தும், 2016இல் தொடங்கிவைக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கிக்குத் தேவஸ்தலம் என்னும் தொலைவான மலைமுடி தேவைப்பட்டது. சவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைச் சுற்றியுள்ள சமவெளி நகரங்களும் இப்போது முன்னிலும் பலமடங்கு ஒளிர்கின்றன. புதிய இடங்களைத் தேர்ந்ததற்கு உயரம், மழை, காற்றின் நிலைத்தன்மை ஆகிய காரணங்களும் உண்டு. ஆயினும் பழைய இடத்தின் வானத்தைக் காக்கப் போராடுவதைவிட இன்னும் உயரமான மலையைத் தேடுவதே எளிதாகத் தெரிந்திருக்கிறது. சாங்தாங்குக்கு மேல் ஏறுவதற்கு இந்தியாவில் அதிக இடம் மிச்சமில்லை.

அறிவுலகம் ஏன் போராடவில்லை என்பதற்கு மொழியும் ஒரு காரணம். தமிழில் இருளுக்கு நல்ல பெயர் கிடையாது. அறியாமை இருள், அறிவு ஒளி. எழுத்தறிவுக்கென எழுந்த பேரியக்கம் அறிவொளி என்றே பெயர் பூண்டது. வேறு பெயர் அதற்குப் பொருந்தியிருக்கவும் முடியாது. இந்தச் சொற்புழக்கத்தின் நடுவே ‘ஒளி மாசு’ என்றால் கேட்பவர் காதில் அது முரண்தொடராகவே விழுகிறது. தொடரின் அமைப்பிலும் சிக்கல் உண்டு. ‘காற்று மாசு’ என்றால் கெட்டது காற்று. ‘நீர் மாசு’ என்றால் கெட்டது நீர். அதே வாய்பாட்டில் ‘ஒளி மாசு’ என்றால் ஒளி கெட்டுவிட்டது என்றே பொருள்பட வேண்டும். உண்மையில் ஒளி இங்கே கெடுப்பது, கெட்டது இரவு. போதாக்குறைக்கு லகர ளகர வேறுபாடு மங்கிய பேச்சில் அது ‘ஒலி மாசு’ என்பதோடு ஒன்றாகிவிடுகிறது. கெடுப்பதைப் பெயரிட்டுக் கெட்டதை மறைக்கும் தொடர் இது. ‘இரவு மாசு’ என்று சொல்லிப் பார்த்தால் இழப்பு எதுவென்று உடனே விளங்கும்.

இது வெறும் சொல்லாய்வு அன்று. சட்டத்தின் கதவு இதே இடத்தில்தான் அடைபட்டிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் சூழல் மாசுப்பொருளைத் திட, திரவ அல்லது வாயுப் பொருள் என்று வரையறுக்கிறது. ஒளி இம்மூன்றில் எதுவுமில்லை. ஆகவே இரவை அழிக்கும் விளக்கு சட்டத்தின் கண்ணில் மாசு அன்று. இதைத் திருத்தமுடியாது என்று எவரும் சொல்ல இயலாது; முன்னுதாரணம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்திலும் இதே மூன்று சொற்களே இருந்தன. 1987இல் அங்கே அடைப்புக்குறிக்குள் ‘இரைச்சல் உட்பட’ என்று சேர்த்தார்கள். இரைச்சலும் திடமன்று, திரவமன்று, வாயுவுமன்று. பொருளாகாத ஒன்றைப் பொருள் என்று சட்டம் ஏற்றது. 2000இல் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் உரிமை குடிமக்களுக்குக் கிடைத்தது. இரைச்சலுக்கு இடம் தந்த சட்டம் ஒளிக்கும் இடம் தரமுடியும். அந்த ஒரு திருத்தத்தைக் கோரி எத்தனை பல்கலைக்கழகத் துறைகள் மனு எழுதியிருக்கின்றன?

பிற நாடுகள் காத்திருக்கவில்லை. செக் நாடு 2002இலேயே சட்டத்தில் ஒளி மாசுக்கு இடம் தந்தது. சுலோவேனியா 2007இல் தனி ஆணை பிறப்பித்தது. பிரான்சு 2018 டிசம்பர் ஆணையின் மூலம் விளக்குகள் மேல்நோக்கி உமிழும் ஒளிக்கும் அவற்றின் வண்ண வெப்பநிலைக்கும் நாடு முழுவதற்கும் உச்சவரம்பு விதித்தது. காப்பகத்துக்குள் மட்டும் செல்லும் விதிகள் அல்ல இவை. ஊரும் நகரமும் கடைத்தெருவும் இவற்றுக்குக் கட்டுப்பட்டவை.

இந்தியாவில் நடந்தது நேரெதிர். 2015இல் தொடங்கிய திட்டங்களின் வழியே 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகளும் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட எல்.இ.டி. தெருவிளக்குகளும் வந்தன. மின்சாரம் மிச்சமானது, கரியுமிழ்வு குறைந்தது, இரண்டும் மறுக்கமுடியாத நன்மைகள். ஆனால் பழைய சோடியம் விளக்கின் மஞ்சளுக்குப் பதில் வந்தது நீலம் மிகுந்த வெள்ளை. பகல் வானம் எந்த விதியால் நீலமாகத் தெரிகிறதோ அதே சிதறல் விதியால் நீல ஒளி இரவுக் காற்றிலும் மிகுதியாகச் சிதறும். கொடுமை என்னவெனில், இரவு ஒளியைக் கணக்கிடும் செயற்கைக்கோள் உணரிகளுக்கு அந்த நீலம் சரிவரத் தெரியாது. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை உலகெங்கும் தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் எடுத்த விண்மீன் கணக்குகளைத் தொகுத்து, வானம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு ஒளிர்வு கூடிவருவதாகக் கண்டது. செயற்கைக்கோள்கள் காட்டியதைவிட இது பலமடங்கு அதிகம். 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது அவற்றுள் நூறே தெரியும் என்பது இதன் பொருள். அந்த ஆய்வின் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. இந்திய வானத்தை எண்ணிச்சொல்லப் போதுமான கண்கள் இல்லை. ஆயிரக்கணக்கான கல்லூரிகள் இருந்தும்.

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. மூன்றும் மதித்து மறுமொழி சொல்லத் தக்கவை.

ஒன்று, இருள் காக்கப்படவேண்டும் என்பது வெளிச்சம் நிறைந்தவர்களின் ஆடம்பரம் என்பது. இந்த வாதத்துக்குப் பின்னால் நீண்ட வலி இருக்கிறது. ஊர்த்தெருவுக்கு வந்த விளக்குக்கம்பம் சேரி எல்லையில் நின்றுபோன கதை தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் உண்டு. அங்கே இருட்டு அழகாக இருந்ததில்லை. பாம்புக்கடியும் வழிமறிப்பும் அவமானமும் சேர்ந்ததாகவே இருந்தது. இதை மறந்துவிட்டு இருளைப் போற்றும் எழுத்து எதுவும் நேர்மையற்றது. ஆனால் இருண்ட வானமும் இருண்ட தெருவும் ஒன்றல்ல. மூடியில்லாத விளக்கு தன் ஒளியில் ஒரு பகுதியை வானத்துக்கு அனுப்புகிறது. அப்பகுதிக்கும் மின்கட்டணம் உண்டு. அப்பகுதியால் நடப்பவர் காலடி தெரிவதில்லை. அந்த ஒளி தெருவிடமிருந்து பறிக்கப்பட்டது. நகரச் சதுக்கத்தின் ஹைமாஸ்ட் கம்பங்களும் பாலங்களின் வண்ண அலங்காரமும் வானத்தைக் கழுவிக்கொண்டிருக்கும் அதே மாவட்டத்தில் ஒரு குடியிருப்புக்குத் தெருவிளக்கு இல்லை என்றால், அது ஒளிப்பற்றாக்குறை அன்று, பங்கீட்டு அநீதி. வானத்துக்குச் செல்லும் ஒளியைத் தரைக்குத் திருப்புங்கள் என்ற கோரிக்கையும் விளக்கில்லாத தெருவுக்கு விளக்கு கொடுங்கள் என்ற கோரிக்கையும் ஒரே மனுவில் இடம்பெறத் தக்கவை.

இரண்டாவது, பெண்களின் பாதுகாப்பு. பாதுகாப்புக்குத் தேவை பார்வை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, தன் அடியில் நிற்பவரை மட்டும் எடுத்துக்காட்டி, அதற்கு அப்பால் இருப்பவரை அடர்நிழலில் ஒளித்துவைக்கிறது. மூடியிட்ட, மிதமான, இடைவெளி சீராக அமைந்த விளக்குகள் முகத்தையும் வழியையும் தெளிவாகக் காட்டும். எரியாத விளக்கைப் பழுதுபார்க்காத நிர்வாகம், எரியும் விளக்கின் பிரகாசத்தைக் காட்டிப் பாதுகாப்பு தந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதையே மாணவியர் கேள்வி கேட்கவேண்டும்.

மூன்றாவது, சுற்றுலாவால் எல்லைப்புற மக்களுக்கு வாழ்வாதாரம் கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது, அது தொடரவும் வேண்டும். ஆனால் சுற்றுலா தான் தேடிவரும் பொருளையே தின்னக்கூடியது. சகியாத்திரி மலைத்தொடரில் பந்தர்தரா, புருஷ்வாடி பக்கம் மழைக்காலத்துக்கு முன் மின்மினி காணக் கூட்டம் திரள்கிறது. வண்டிகளின் முகப்பொளி, கைப்பேசி விளக்கு, தரையில் அமர்ந்திருக்கும் பெண்பூச்சிகளின் மேல் படும் காலடி எனப் பார்க்க வந்தவர்களே பார்க்கவேண்டியதை அழிப்பதாகச் சூழலியலாளர்கள் தொடர்ந்து எச்சரித்துவருகிறார்கள். ஹான்லேவிலும் 2024 மே மாதம் வானில் செந்நிற ஒளிவீச்சு தெரிந்த செய்தி பரவியபின் அவ்வூர்ப்பெயர் நாடெங்கும் அறிமுகமாகிவிட்டது. வண்டிகளுக்கும் விருந்தினருக்கும் எண்ணிக்கை வரம்பு வைப்பதும், வருவாய் வெளியூர் முகவரிடம் தேங்காமல் ஊராரிடமே சேர்வதும் உறுதியாகாதவரை, ‘வானத்தைக் காக்கும் சுற்றுலா’ என்பது விளம்பர வாசகம் மட்டுமே.

இழப்பு வானியலாளர்களோடு நிற்பதில்லை. கடற்கரை மணலில் பொரித்துவரும் பங்குனி ஆமைக்குஞ்சு, அடிவானத்தின் ஒளிமிக்க பக்கமே கடல் என்று கொண்டு நகர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக அது சரியாகவே இருந்தது. இப்போது சாலை விளக்கு அதைச் சாலைக்கு அழைத்துச் செல்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருவதன் பின்னணியில் இந்தத் திசைதடுமாற்றமும் இருக்கிறது.

பண்பாட்டு இழப்புக்கும் சான்று வெகுதொலைவில் இல்லை. திருமணத்தில் மணமக்களுக்கு அருந்ததியைக் காட்டும் சடங்கு இன்றும் தவறாமல் நடக்கிறது; பெரும்பாலும் பகலில், மண்டபத்தின் மேற்கூரையை நோக்கி. இரவிலேயே நடந்தாலும் பயனில்லை. அருந்ததி ஏறத்தாழ நான்காம் ஒளிப்பரிமாண விண்மீன். பெருநகர மையத்தில் வெறுங்கண்ணின் எல்லை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சடங்கு இருக்கிறது, சொல் இருக்கிறது, சுட்டும் விரலும் இருக்கிறது. சுட்டப்படும் பொருள் இல்லை. சங்க நூல்களில் வடமீன், எழுமீன் என்று வரும் சொற்களுக்கு உரை எழுதவும் தேர்வில் விடை எழுதவும் தெரிந்த மாணவர் பலர் அவற்றை வானில் கண்டதில்லை. ஒரு மொழியில் சொல் சாவதற்கு முன் அச்சொல் சுட்டும் காட்சி செத்துவிடுகிறது. அதை மீட்க ஒவ்வொருவரையும் லடாக்குக்கு அனுப்புவது தீர்வாகாது, அனுப்பவும் முடியாது. பயணச்செலவு தாங்கமுடியாதவருக்கும் உரியதே வானம்.

ஆகவே கல்விப்புலத்துக்கான கடமை ஹான்லேவில் தொடங்குவதில்லை; தன் வளாகத்தில் தொடங்குகிறது. இயற்பியல் துறை ஆண்டுக்கொருமுறை வான்நோக்கு இரவு நடத்தும். அதே வளாகத்தின் விளையாட்டுத் திடல் விளக்குகள் ஆட்டம் முடிந்தபின்னும் எரியும். நிர்வாகக் கட்டடத்தின் முகப்பு விடியும்வரை வண்ணம் மாறிக்கொண்டிருக்கும். இந்த முரண்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர எந்தச் சட்டமும் தேவையில்லை. துணைவேந்தரின் ஒரு சுற்றறிக்கை போதும். வெளிவிளக்குகள் அனைத்துக்கும் மேல்மூடி. 3,000 கெல்வினுக்கு மேற்படாத வெம்மைநிற ஒளி. நள்ளிரவுக்குப்பின் ஆளில்லாப் பாதைகளில் உணரிகளின்வழி ஒளிக்குறைப்பு. அலங்கார விளக்குகளுக்கு நேரவரம்பு. விளக்கே இல்லாத விடுதிப்பாதைகளுக்கு விளக்கு. ஒவ்வோர் அமாவாசையிலும் வளாகத்தின் ஒரே இடத்திலிருந்து ஒரே விண்மீன்குழுவை எண்ணிப் பதிவுசெய்யும் மாணவர் குழு. ஐந்தாண்டுகள் இப்படி நூறு கல்லூரிகள் எண்ணினால், இந்திய இரவைப் பற்றி இதுவரை இல்லாத தரவுத்தொகுதி உருவாகும். சுற்றுச்சூழல் சட்ட வரையறையில் ஒளியைச் சேர்க்கக் கோரும் மனுவுக்கு அதைவிட வலுவான இணைப்பு வேண்டியதில்லை.

ஹான்லே மக்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். அவர்களது சன்னலில் திரை தொங்குகிறது. அடுத்த அமாவாசைக்கு அங்கே இடம் பதிவுசெய்யும் பேராசிரியரும் மாணவரும், புறப்படுமுன் தம் துறைக் கட்டடத்தின் வெளிவிளக்குகளுக்கு மூடி கோரும் விண்ணப்பம் ஒன்றைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் செல்லட்டும்.